ஒரு காலின் இரண்டு பிரதிகள்

சுற்றறிக்கையைச் செவிலியர் அறையில் உரக்கப் படித்தவர் பெரியக்கா. பணியில் எல்லோருக்கும் மூத்தவர். எதைப் படிப்பதானாலும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்கு நேராகப் பிடித்துத்தான் படிப்பார்.

“‘திறந்த மூல மேகச் சேமிப்புச் செயலிகள் மற்றும் பணி மேலாண்மைச் செயலிகள் குறித்த ஒப்பாய்வு. களச் செவிலியர் அனைவரும் ஆயத்தமாக இருக்கவும்.’ அவ்வளவுதான் போட்டிருக்கு.”



“மூலம்னா, யாருக்காம்?” என்றாள் ஒருத்தி.

“யாருக்குன்னு போடலையே. திறந்த மூலம்னு இருக்கு.”

“ஆபரேஷன் பண்ணிட்டு மூடாமலே அனுப்பிட்டாங்களோ?”

“மேகம்னும் போட்டிருக்கு.”

“அடப்பாவமே. மூலமும் மேகமும் ஒரே ஆளுக்கா?”

வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுகிறவர்களுக்கு மூலம் என்றால் ஒரே பொருள்தான். மேகம் என்றால் வானத்தில் இருப்பது ஒன்று, வெளியே சொல்லக் கூசும் நோய் இன்னொன்று. சுற்றறிக்கை வானத்தைப் பற்றியதாக யாருக்கும் தோன்றவில்லை. சேமிப்பு என்ற சொல்தான் இடித்தது. அதையெல்லாம் எதற்குச் சேமிக்க வேண்டும் என்று பெரியக்காவே கேட்டார். இருந்தாலும் மேலிடத்து உத்தரவு. மதியத்துக்குள் கையுறைகளையும் களிம்பையும் இருக்கைக்கு வைக்கும் காற்றுத் தலையணைகளையும் எடுத்துப் பைகளில் அடுக்கி எல்லோரும் ஆயத்தமானார்கள்.

அந்தச் செவிலியரில் ஒருத்திக்கு அவசரம் என்று பட்டப்பெயர். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவாள். மாடிப்படி இறங்கும்போதே அடுத்த வீட்டுக்குப் போன் போடுவாள். “அவசரம் வந்தாச்சா?”, “அவசரம் இன்னைக்கு லீவு” என்றெல்லாம் அந்த அலுவலகத்தில் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். இல்ல மருத்துவப் பணியகம் என்பது அலுவலகத்தின் பெயர். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கு அங்கிருந்து செவிலியர் போவார்கள். யார் வீட்டுக்கு யார் போவது என்று தாழ்வாரத்தில் ஒரு வெள்ளைப்பலகையில் எழுதியிருக்கும். போய்வந்தவர் தன் வரியைக் கையாலேயே துடைத்துவிடுவார். சாயங்காலம் பலகை வெறுமையாக இருந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

மதியம் கூட்ட அறைக்கு அழைத்தார்கள். களிம்புப் பைகளோடு போய் உட்கார்ந்தார்கள். ஒப்பாய்வு அதிகாரி என்று புதிதாக ஒருவர் வந்திருந்தார். நல்ல இஸ்திரி போட்ட சட்டை, மென்மையான குரல். பைகளைப் பார்த்து, “எதுக்கு இதெல்லாம்?” என்று கேட்டார். பெரியக்கா விளக்கினார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. குறித்துக்கொண்டார்.

பிறகு பேசினார்.

“திறந்த மூலம் என்றால், ஒரு செயலி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று பொருள். மறைக்க எதுவும் கிடையாது. மேகச் சேமிப்பு என்றால், நீங்கள் எடுக்கும் படமும் எழுதும் குறிப்பும் உங்கள் போனில் மட்டும் இராமல் எங்கோ ஓர் இடத்தில் பத்திரமாக இருக்கும் என்று பொருள். பணி மேலாண்மை என்றால், என்ன வேலை இருக்கிறது, எது முடிந்தது என்று போனே சொல்லும்.”

“உள்ளே போய் நீங்க பார்த்தீங்களா சார்?” என்று கேட்டார் பெரியக்கா.

“பார்க்கலாம் என்பதுதான் முக்கியம். பார்ப்பது அவரவர் விருப்பம்.”

“இதுல எதை நாங்க வச்சுக்கணும்?” என்றாள் அவசரம்.

அதிகாரி அவளைக் கனிவோடு பார்த்தார். “அங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். நாம் எதையும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஒப்பிடப் போகிறோம். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பொறுப்பு வந்துவிடும். ஒப்பிட்டால் அறிவு வரும். இந்தப் பணியகம் எத்தனையோ பேரின் புண்ணை ஆற்றியிருக்கிறது. ஆற்றியதை எதனோடாவது ஒப்பிட்டதுண்டா?”

ஒருவரும் ஒப்பிட்டதில்லை.

எல்லோருடைய போனிலும் நாலு செயலிகளை ஏற்றினார்கள். பெயர்கள் வாயில் நுழையாததால், சின்னத்தைப் பார்த்துச் செவிலியரே பெயர் வைத்துக்கொண்டார்கள். படமும் குறிப்பும் போட்டுவைக்கக் குடை, ஆமை என்று இரண்டு. வேலையைக் குறிக்க மணி, எறும்பு என்று இரண்டு. நடுநிலை மிக முக்கியம் என்றார் அதிகாரி. ஒன்றைத் திறந்தால் மற்றதையும் திறக்க வேண்டும். ஒன்றின் மேல் யாரும் பிரியம் வைத்துவிடக் கூடாது. ஒருத்தி, குடை கொஞ்சம் வேகமாக இருக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவளைத் தனியே கூப்பிட்டு, ஆமையின் நல்ல குணங்களை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

மறுநாள் காலை வெள்ளைப்பலகையைக் காணவில்லை. ஒப்பாய்வில் சேராத ஒரு போட்டியாளர் அலுவலகத்தில் இருப்பது முறையல்ல என்று கழற்றிச் சாமான் அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

அவசரம் கவனித்துவந்தவர்களில் ஒரு முதியவர் இருந்தார். பேக்கரியில் அடுப்படி வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஆயுள் முழுக்கச் சூட்டில் நின்ற கால்கள். இப்போது சர்க்கரை நோய். இடது பாதத்தில் புண். நீளமான குடியிருப்பின் பின்பக்கத்து வீடு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்தான் தெரியும், போனுக்கு சிக்னல் வராது. மனைவி இல்லை. மகள் பஸ் கண்டக்டர். விடிவதற்குள் கிளம்பிப்போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். நடுவில் அந்த வீட்டுக்குள் வரும் ஒரே ஆள் அவசரம்.

புதிய ஏற்பாட்டுக்குப் பிறகு, கட்டுப் பிரிக்கும் முன்னால் ஒரு படம், பிரித்த பின் ஒரு படம், அதையே ஆமைக்காக மறுபடி ஒருமுறை என்று ஆனது.

“என்ன சிஸ்டர், என் மூஞ்சிய இத்தனை தடவை யாரும் படம் எடுத்ததில்லை. காலுக்கு வந்த வாழ்வப் பாருங்க.”

“காட்டுங்க ஐயா, ஆடாம. ஆமை இன்னும் நகரல.”

“நகரட்டும். எனக்கு எங்க போக வேண்டியிருக்கு.”

அவள் கிளம்பிப்போனதும், எறும்பு அவருக்கு ஒரு செய்தி அனுப்பும். ‘இன்றைய வருகை முடிந்தது. எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ ஜன்னலோரம் நொண்டிப்போய், போனை வெளியே நீட்டிப் பிடித்து, அவர் மூன்று நட்சத்திரம் போடுவார்.

“ஏன் ஐயா மூணு?” என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

“மருந்து எரியுது. எரியாம கட்டினீங்கன்னா நாலு போடலாம்.”

“எரிஞ்சாத்தான் ஆறும்.”

“அப்ப மூணுதான்” என்று சிரித்தார்.

புண் நன்றாகத்தான் ஆறிக்கொண்டு வந்தது. ஒருநாள் கட்டைப் பிரித்தபோது, சுண்டுவிரலை ஒட்டி ஓரத்தில் ஒரு கருமை அவள் கண்ணில் பட்டது. விரலால் அழுத்திப் பார்த்தாள். அவருக்கு உணர்ச்சியே இல்லை. அங்கேயே உட்கார்ந்து, ‘ஓரம் கறுத்திருக்கிறது, டாக்டர் உடனே பார்க்க வேண்டும், கட்டு மாற்றுவது தினமும் தொடர வேண்டும்’ என்று குறிப்பு எழுதினாள். சிக்னல் இல்லாததால் குறிப்பு போனுக்குள்ளேயே காத்திருந்தது. அவள் தெருவுக்கு வந்த பிறகுதான் ஏறிப்போனது. அதே நேரத்தில், தலைமை மருத்துவப் பிரிவில் யாரோ பழைய படங்களைப் பார்த்து, ‘புண் ஆறிவருகிறது, வருகையை நிறுத்தலாம்’ என்று அதே கோப்பில் எழுதிவிட்டிருந்தார்.

குடை இரண்டையும் வாங்கிக்கொண்டது. எதையும் இழக்கக் கூடாது என்பது அதன் கொள்கை. ஒன்றுக்குக் ‘கால்’ என்றும் இன்னொன்றுக்குக் ‘கால் – முரண்பட்ட பிரதி’ என்றும் பெயர் வைத்தது. ஆமை இன்னும் பழைய படத்தைவிட்டு நகரவில்லை.

மறுநாள் காலை மணியைத் திறந்தாள். அவள் குறிப்பின்படி பேக்கரிக்காரர் வீடு இருந்தது. எறும்பைத் திறந்தாள். அங்கே மருத்துவப் பிரிவின் குறிப்பின்படி வேலை முடிந்துவிட்டதாகப் பச்சைக்கோடு போட்டிருந்தது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வேலையை நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. அந்த நேரத்துக்கு அவளை நகரின் மறுகோடியில் ஒரு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அவள் போகவில்லை. நேராக ஒப்பாய்வு அதிகாரியின் அறைக்குப் போனாள்.

“சார், ஒரு நோயாளி விஷயமா குழப்பம். மணியில இருக்கார், எறும்புல இல்ல. கால் கறுத்துக்கிட்டு வருது. நான் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்.”

அதிகாரி போனை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பக்கத்து அறையிலிருந்து இரண்டு உதவியாளர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று பேரும் தலைகளை ஒட்டவைத்துப் பார்த்தார்கள்.

“அருமை! இப்படி ஒண்ணு எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருந்தோம். நாலு செயலியும் ஒரே ஆள் விஷயத்துல நாலு விதமா நடந்துக்குது பாருங்க. இதை அப்படியே வச்சுத்தான் ஆராயணும்.”

“சார், ஆள் ஒருத்தர்தான். கால் ஒண்ணுதான். போய்ப் பார்த்தா எது சரின்னு தெரிஞ்சுடும்.”

“அதைத்தான் செய்யக் கூடாதும்மா.” அவர் குரல் இன்னும் மென்மையானது. “நீங்க போய்ப் பார்த்தா ஒரு குறிப்பு எழுதுவீங்க. எழுதினா ரெண்டுல ஒண்ணு ஜெயிச்சுடும். முரண்பாடு கலைஞ்சுடும். அப்புறம் எதை ஒப்பிடறது? குழு கூடி முடிவு பண்ற வரைக்கும் அவரை யாரும் தொடக் கூடாது.”

“குழு எப்ப சார் கூடும்?”

“அதைக் குறிக்கணும். மணியில குறிக்கறதா எறும்புல குறிக்கறதான்னுதான் இன்னும் முடிவாகல.”

அவளுடைய வேலை ஒப்பந்த வேலை. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள், அல்லது புதுப்பிக்காமல் விடுவார்கள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு நகரின் மறுகோடிக்குப் போனாள்.

அன்றைக்கும் மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் காலையில் முதல் வேலையாக இரண்டு செயலிகளையும் திறந்துபார்ப்பாள். மணியில் அவர் இருப்பார், நிறுத்திவைப்பு என்று மஞ்சளில். எறும்பில் பச்சைக்கோடு. மருத்துவப் பிரிவுக்குப் போன் போட்டாள். முரண்பட்ட பிரதிகளைப் பற்றி ஒப்பாய்வுக் குழுவிடம்தான் பேச வேண்டும் என்றார்கள். பேக்கரிக்காரருக்குப் போட்டாள். அந்த வீட்டுக்குள் போன் அடிக்காது என்று தெரிந்தும் போட்டாள். மகளின் எண் அவளிடம் இல்லை. அது கோப்பில் இருந்தது. அந்தக் கோப்பையும் ஆராய்ச்சிக்காகப் பூட்டியிருந்தார்கள்.

“பேசாம போயிட்டு வந்துடேன்” என்றார் பெரியக்கா.

“போன்ல நான் எங்க நிக்கறேன்னு தெரியுமாம் அக்கா. போனவாரம் ஒருத்தி தப்பான தெருவுல நின்னதுக்கு விளக்கம் கேட்டாங்க.”

 பெரியக்காவுக்கு ஓய்வுபெறக் கொஞ்ச காலம்தான் இருந்தது. அன்று முழுக்க இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வீட்டில் அவசரம் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள். அச்சகத்தில் வேலை செய்யும் அவள் கணவன் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாரு அது?”

“எது?”

“உன் தட்டுல உட்கார்ந்திருக்கற ஆளு.”

சொன்னாள். அவன் யோசித்தான். “நாளைக்கு ஞாயித்துக்கிழமை. உனக்கு லீவு. போனை இங்க வச்சுட்டுப் போ. வேலை போனா பார்த்துக்கலாம்னு நான் சொல்ல மாட்டேன், அது பொய். ஆனா நீ இப்படி உட்கார்ந்திருக்கறத என்னால பார்க்க முடியல.”

ஞாயிற்றுக்கிழமை கடையில் பஞ்சும் துணிச்சுருளும் மருந்தும் வாங்கிக்கொண்டு போனாள். கதவைத் திறந்தது மகள். விடுமுறைநாள், தலைக்குக் குளித்து ஈரத்தோடு நின்றாள். அவசரத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க சிஸ்டர். இன்னைக்குமா? தினம் வர்றது போதாதா? ஒருநாளாவது வீட்ல இருக்கக் கூடாது?”

 அவசரம் அவளைத் தாண்டி உள்ளே போனாள்.

முதியவர் சலவைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டி, மேலே போர்வை போட்டிருந்தார். பக்கத்தில் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. அவள் போர்வையை விலக்கினாள். பழைய வேட்டியைக் கிழித்து அவரே கட்டியிருந்தார். கட்டு நன்றாகவே இருந்தது, அவள் கட்டுவதைப் பார்த்துப் பழகியிருந்தார். அதைப் பிரித்தபோது மகள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

சுண்டுவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. கருமை பாதத்தின் மேல்பக்கம் ஏறியிருந்தது.

“அப்பா, தினம் வந்துட்டுப் போறாங்கன்னு சொன்னியே?”

முதியவர் மகளைப் பார்க்கவில்லை. அவசரத்தைப் பார்த்து, தணிந்த குரலில் பேசினார்.

“தினம் போன்ல வந்துச்சு சிஸ்டர். இன்றைய வருகை முடிந்ததுன்னு. நீங்க வரல. சரி, வராமலே வந்ததா எழுதியிருக்காங்க போல, வீட்ல என்ன கஷ்டமோ, புள்ளைக்கு உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன். நான் ஏதாவது சொல்லி உங்களுக்கு வேலை போயிடக் கூடாதுன்னு அஞ்சு நட்சத்திரம் போட்டேன். தினம் போட்டேன். இவகிட்டயும் வந்தீங்கன்னே சொல்லிட்டேன்.”

அவள் அவர் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க வேண்டும், ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்தது. கைகள் அந்தக் காலை விடவில்லை. மகள்தான் ஓடிப்போய்த் தெருவில் நின்று போன் பண்ணினாள்.

கணுக்காலுக்கு மேலே வைத்து எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு அவளை அழைத்தார்கள். நீள மேசையின் நடுவில் இயக்குநர், பக்கத்தில் ஒப்பாய்வு அதிகாரி. செவிலியர் சார்பில் பெரியக்காவைச் சாட்சியாக உட்காரவைத்திருந்தார்கள். குற்றச்சாட்டை அதிகாரி படித்தார். ஆய்வில் இருந்த ஒரு முரண்பாட்டை அனுமதியின்றி அணுகியது; விடுமுறைநாளில், எந்தச் செயலியிலும் பதியாமல், ஒப்பாய்வுக்கு உட்படாத பஞ்சைப் பயன்படுத்தியது; அதனால் இரண்டு பிரதிகளில் ஒன்றை உண்மையாக்கியது.

“கால் போச்சே சார்” என்றாள் அவள்.

இயக்குநர் கையை உயர்த்தினார். “அது வருத்தத்துக்குரியதுதான். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பணியகத்துக்கு நோயாளிகளைவிட முக்கியமானது எதுவும் இல்லை. நோயாளிகள் இல்லாமல் எதைக்கொண்டு ஒப்பிடுவது?”

அதிகாரி தலையசைத்தார். “தரவு என்ன சொல்கிறது என்று பாருங்கள். நீங்கள் தினமும் போனபோது அவர் மூன்று நட்சத்திரம்தான் கொடுத்திருக்கிறார். நீங்கள் போகாத காலம் முழுக்க ஐந்து. ஒருநாள்கூடக் குறையவில்லை. வருகையை நிறுத்தியதும் திருப்தி கூடியிருக்கிறது. இது எங்களுக்கே வியப்பு. இதிலிருந்து உங்களுக்கு என்ன தெரிகிறது?”

“அவர் என்னைக் காப்பாத்தியிருக்கார்னு தெரியுது சார்.”

“அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை” என்றார் அதிகாரி.

பெரியக்கா எழுந்து நின்றார். “போயிட்டு வந்துடுன்னு நான்தான் சொன்னேன். என்கிட்டயும் விளக்கம் கேளுங்க.”  சாட்சிகள் கேட்டால் மட்டுமே பேச வேண்டும் என்றார்கள். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். அதற்கு விதி இல்லாததால் விட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் மகள் வந்தாள். இரண்டு டிரிப்புக்கு நடுவில் வந்திருக்க வேண்டும். காக்கிச் சீருடை, தோளில் டிக்கெட் பை, கழுத்தில் விசில். கூட்டம் நடக்கிறது என்று வாசலில் தடுத்த உதவியாளர் அவள் பின்னாலேயே வந்தார்.

“எங்க அப்பா கால் எங்க இருக்குன்னு கேட்க வந்தேன்” என்றாள்.

இயக்குநர் ஒப்பாய்வு அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டார். உண்மையாகவே அவருக்கு இரக்கமாக இருந்தது. தன் போனை எடுத்தார்.

“கவலைப்படாதீங்கம்மா. ரெண்டுலயும் பத்திரமா இருக்கு. குடையிலயும் இருக்கு, ஆமையிலயும் இருக்கு. முழுக்கால். ஒரு குறையும் இல்ல. எந்தத் தேதிக்கு வேணும்னாலும் பின்னால போய்ப் பார்க்கலாம், அதுதான் இந்தச் செயலிகளோட விசேஷம். இதோ பாருங்க, இது நல்லா ஆறிக்கிட்டு இருந்தப்ப எடுத்தது.”

அவள் பார்த்தாள். இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்துகொண்டிருந்த பாதம். ஓரத்தில் முதியவரின் கைவிரல்கள், வேட்டியை விலக்கிப் பிடித்தபடி. வெகுநேரம் பார்த்தாள்.

“இதை அழிங்க.”

“அழிக்கறதுக்கு இல்லம்மா. அழிச்சாலும் போகாது. குப்பைத்தொட்டின்னு ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள பத்திரமா இருக்கும்.”

“ஆபரேஷன் முடிஞ்சதும் ஒரு வாளியில போட்டு எடுத்துட்டுப் போனாங்க” என்றாள் மகள். “நான் வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டித்தான் போனாங்க. அது என்னன்னு எனக்கு அப்ப தெரியல. கால நகர்த்தி வழி விட்டேன்.”

 பெரியக்கா மட்டும் மேசையைச் சுற்றிவந்து அவள் தோளில் கை வைத்தார். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். உதவியாளர் பணிவாக, பயனாளர் கருத்துகளை இப்போது எந்தச் செயலியில் ஏற்றுவது என்று கேட்டார். மகள் எழுந்து போய்விட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சில வாரங்களில் அறிக்கை வந்தது. நான்கு செயலிகளுமே சிறந்தவை என்றும், கடுமையான சோதனையிலும் ஒரு தகவல்கூட இழக்கப்படவில்லை என்றும், நோயாளியின் இரு பிரதிகளும் சேதமின்றிக் காக்கப்பட்டன என்றும் அதில் இருந்தது. இன்னும் சில செயலிகளைச் சேர்த்து ஒப்பாய்வை நீட்டிக்கலாம் என்று குழு பரிந்துரைத்தது. அதிகாரியை வேறு பணியகங்கள் பேச அழைத்தன. முரண்பட்ட பிரதிகளைப் பற்றி அவர் நன்றாகப் பேசுகிறார் என்றார்கள்.

அவசரத்தை ஒப்பாய்வு முடியும்வரை பணியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். முடியும் தேதி போடவில்லை. பெரியக்காவுக்கு விளக்கம் கேட்டு ஒன்றும் வரவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து முதியவரை வீட்டுக்கு அனுப்பப்போகும் நாளில் அவசரம் போய்ப் பார்த்தாள். அவர் மெலிந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் கிடந்தது.

“சிஸ்டருக்கு ஆபீஸ்ல ஒண்ணும் தொந்தரவு இல்லையே?” என்று மகளிடம் கேட்டார்.

“இல்லப்பா” என்றாள் மகள். அவசரத்தின் பக்கம் திரும்பவில்லை. தன்னை அவள் மன்னித்திருந்தாளா என்று அவசரத்துக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

“வீட்டுக்கு வந்தா யாரு கட்டு மாத்துவா?”

“நான் வர்றேன் ஐயா. திங்கட்கிழமை வர்றேன்.”

மகள் அப்போதுதான் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அப்பாவின் சட்டைகளை மடித்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை காலை அந்த நீளக் குடியிருப்பின் பின்பக்கம் போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

“யாரு?”

“நான்தான் ஐயா. எழுந்திரிக்காதீங்க. சாவி யாருகிட்ட இருக்குன்னு சொல்லுங்க, வாங்கிக்கறேன்.”

“இருங்க. நானே வந்து திறக்கறேன்.”

“வேணாம் ஐயா, விழுந்துடப் போறீங்க.”

“இருங்கன்னு சொல்றேன்ல.”

ஊன்றுகோல் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு காலின் சத்தம். மறுபடி ஊன்றுகோல். மேசையோ நாற்காலியோ ஏதோ இழுபட்டது. மூச்சு வாங்குவது கதவுக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. பாதி வழியில் எல்லாச் சத்தமும் நின்றுபோனது. அவள் கதவின்மேல் உள்ளங்கையை வைத்து, காதைச் சாய்த்து, கூப்பிடவும் முடியாமல் நின்றாள். வெகுநேரம் கழித்து ஊன்றுகோல் மறுபடி தரையைத் தொட்டது.